பதினான்காம் கட்டம்

கட்கி, புனே
8-10-2024

அன்புள்ள மாப்பிள்ளை வாசுதேவனுக்கு ஹரிபிரசாத் எழுதுவது.

நலம் விசாரிக்குமுன் ஒரு முடிவைத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நேற்று மாலை நாலரை மணிக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, காரின் இடதுபக்க வைப்பரைக் கழற்றி வலதுபக்கத்தில் மாட்டுவதென்றும், வலதுபக்க வைப்பரை இடதுபக்கத்துக்கு அனுப்புவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவாக ஒரு வாக்கு விழுந்தது. உன் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் வாக்களிக்கவில்லை. "எதை எங்க மாட்டுனாலும் மழை நின்னு போச்சுங்களே" என்று அவள் சொன்ன கருத்து குறிப்பில் ஏற்றப்பட்டது. தீர்மானம் இன்று காலை பத்து மணிக்குள் நிறைவேறியது.

இனி நலம். நானும் ரமாவும் சௌக்கியம். அங்கே நீயும் சியாமளாவும் சௌக்கியம்தானே? உன் சர்க்கரை அளவை அடுத்த கடிதத்தில் எண்ணில் எழுது. 'பரவாயில்லை' என்று ஓர் அளவு கிடையாது.

போனில் முடிக்கிற விஷயத்துக்கு மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று உன் வீட்டில் சிரிப்பது எனக்குத் தெரியும். அளவு வாயால் போகக்கூடாது, தாளில்தான் போக வேண்டும் என்பது 1991-ல் அளவு தவறிக் கடைந்த ஒரு டஜன் புஷ்ஷைக் குப்பையில் கொட்டிய பிறகு நாம் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம். என் தேய்ந்த பாகத்தோடு என் கடிதம் வரும். உன் புதுப் பாகத்தோடு உன் கடிதம் வர வேண்டும்.

இந்தப் பெட்டியில் இருப்பது முன் வலது சக்கரத்தின் பிரேக் சிலிண்டர். உள்ளே அரித்துவிட்டது. உள்விட்டம் 25.4 மில்லிமீட்டர். அதே அளவில் ஒன்று கடைந்து அனுப்பு.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1961-ஆம் வருட ஃபியட் என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வரும் மார்ச் 31-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. இதுவரை ஓர் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பார், ஒரு சுற்று ஓட்டுவார், தம் சொந்தக் காரின் கோளாறை என்னிடம் சொல்வார், கையெழுத்துப் போடுவார். இம்முறை எல்லாவற்றையும் இயந்திரமே பார்க்குமாம்.

புதுப்பிக்காவிட்டால் என்ன என்று கேட்காதே. இடுப்பில் இரும்பு வைத்த பிறகு உன் அக்காவால் காலை மடக்கி எந்த வண்டியிலும் ஏற முடியாது. நம் ஃபியட்டின் முன்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கிறது, மற்ற கார்களுக்கு நேர்மாறாக. அவள் முதலில் உட்காருகிறாள், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொள்கிறாள். இப்படிக் கதவு வைப்பது ஆபத்து என்று உலகம் கைவிட்டுவிட்டது. உன் அக்காவைக் கேட்கவில்லை.

உன் அக்கா நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறது. லோஹேகாவில் ஸ்ரீரஞ்சனி வீட்டு ஹாலில் விமானப்படைக் குடும்பங்களின் பிள்ளைகள் பதினோரு பேர். போன வாரம் ஹர்ஷா என்ற பெண் "மிஸ், மைனே எழுதிட்டேன்" என்று இந்தியில் தொடங்கித் தமிழில் இறங்கி, ஒரே மூச்சில் தேச ஒருமைப்பாட்டை முடித்துவிட்டாள். உன் அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

சியாமளாவுக்கு எங்கள் அன்பு.

ஹரிபிரசாத்


கணபதி, கோயம்புத்தூர்
4-11-2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு வாசுவின் வணக்கம்.

தீபாவளி நல்லபடி கழிந்தது. சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் 148. எண்ணில் எழுதிவிட்டேன். இதற்கு மேலே கீழே எவ்வளவு விடலாம் என்று ஆய்வாளராக இருந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வைப்பர் தீர்மானத்தை சியாமளாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க மாமா கார் வெச்சிருக்காரா, கார்ப்பரேசன் வெச்சிருக்காரா?" என்று கேட்கிறாள்.

சிலிண்டர் இதில் இருக்கிறது. உள்ளே வெண்கலக் குழாய் இறக்கிக் கடைந்திருக்கிறேன். இனி உங்களுக்கும் எனக்கும் அப்புறமும் அரிக்காது. வழக்கம்போல ஓரத்தில் மூன்று புள்ளி குத்தியிருக்கிறது. அப்பா காலத்து அடையாளம். அது இல்லாமல் இந்தப் பட்டறையை விட்டு ஒரு வாஷர்கூடப் போனதில்லை.

வேலைக்குக் குறைவில்லை. ஓர் ஏஜெண்ட் மாதாமாதம் ஒரு பெட்டி பிராக்கெட் எடுக்கிறான். எந்த வண்டிக்கு என்று கேட்டால் சொல்வதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அக்காவின் கால் எப்படி இருக்கிறது? சிலிண்டருக்கு நாலு வரி எழுதுகிறீர்கள், அக்காவுக்கு 'சௌக்கியம்' என்று ஒரே வார்த்தை.

பணிவுடன்,
வாசு


கட்கி, புனே
17-12-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய அவா. 148 அதிகம். தள்ளுபடி செய்கிறேன். இனிப்பைக் குறைத்துவிட்டு மறுபடி சமர்ப்பி.

சிலிண்டர் கச்சிதம். உருப்படியான செய்தி இதோடு முடிகிறது.

சனிக்கிழமை வகுப்புக்கு விடுமுறை விட்டுவிட்டு, நகருக்கு வெளியே கண்ணாடி வாசல் வைத்த ஒரு தகுதிச் சோதனை மையத்துக்குக் காரைக் கொண்டுபோனேன். கணினியில் உட்கார்ந்திருந்த பெண் நெடுநேரம் தேடிவிட்டு, "அங்கிள், ஆப்கா மாடல் லிஸ்ட் மே நஹீ ஹை" என்றாள். "காடி சாமனே கடீ ஹை, பேட்டி" என்றேன். வண்டி எதிரில் நிற்பதை அவளும் பார்த்தாள். ஆனால் அது பட்டியலில் நிற்கவில்லை.

நல்ல பெண். எப்படியாவது உதவ வேண்டும் என்று 'மற்றவை' என்ற தலைப்பைத் திறந்தாள். அதில் ஆட்டோரிக்‌ஷா மட்டும் இருந்தது. ஃபியட் ஆட்டோரிக்‌ஷாவாகப் பதிவாகி, பிரேக்கைச் சோதிக்கும் உருளைகள் மேல் ஏறியது. மூன்று சக்கரங்களில் தேறியது. நான்காவது சுழன்றதும் இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிட்டது. கையில் கொடுத்த தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன்: 'எதிர்பாராத சக்கரம். தோல்வி.'

மேலாளரிடம் போனேன். எதனால் தோல்வி என்று சொல்லக்கூடிய ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டேன். தொழிற்சாலையில் நான் ஒரு பாகத்தைத் தள்ளினால் அதில் சிவப்பு வண்ணம் பூசி, என் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். செய்தவன் நேராக வந்து என்னைத் திட்டலாம். முப்பத்தெட்டு வருடத்தில் பலர் வந்து திட்டியிருக்கிறார்கள். இங்கே திட்டுவதற்கு ஆள் வைக்கவில்லை. நடப்பது முழுவதும் மனிதக் கை படாமல் நடக்கிறது என்று சுவரில் எழுதியிருந்தார்கள், ஊறுகாய் பாட்டிலில் போடுவது மாதிரி.

மேலாளர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியைப் பழங்கார் என்று பதிவு செய்யலாம். அதற்குத் தனிக் கமிட்டி. விண்ணப்பத்துக்கு ஒரு பழங்கார் சங்கத்தின் சிபாரிசு வேண்டும்.

முளாக் கரைப் பழங்கார் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தேன். நாற்பது உறுப்பினர்கள். பானெட்டை எந்தப் பக்கமிருந்து தூக்குவது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர், அவர்களில் இருவர் டிரைவர்கள். பழைய கார்ப் பொறியாளர் ஒருவர் உயிரோடு கிடைத்துவிட்டார் என்று கேட்டதும் அடுத்த ஞாயிறே எனக்குச் சால்வை போட்டுத் தேங்காய் கொடுத்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் என்னை 'நமது பொக்கிஷம்' என்றார். பிறகு, போட்டோவில் தலைவரின் கார் மறைகிறது என்று என்னை நாற்காலியோடு நகர்த்தினார்கள். கமிட்டி வரும் நாளில் உறுப்பினர்களின் கார்களையெல்லாம் நான் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம். சரி என்றேன்.

இத்துடன், முன் சக்கரம் திரும்பும் அச்சில் மாட்டுகிற கிங்பின் புஷ், தேய்ந்தது ஒன்று. அளவு எழுதிய சீட்டு அதில் கட்டியிருக்கிறது.

ஹரிபிரசாத்


கணபதி, கோயம்புத்தூர்
12-1-2025

மாமாவுக்கு வணக்கம். அக்காவுக்கும் உங்களுக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்து.

சர்க்கரை 131. பாஸா?

எதிர்பாராத சக்கரம் இங்கே பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. என் பார்ட்னர் தமீம் அன்சாரி மத்தியானம் சாப்பிட உட்காரும்போது நாலாவது இட்லியை எடுத்துக்கொண்டு அதைத்தான் சொல்கிறார்.

மாமா, ஒரு விஷயம். அந்தப் பழங்கார் விண்ணப்பத்தை இங்கேயும் ஒரு மில்காரர் போட்டார். அதில் பதினான்காவது கட்டம் ஒன்று வரும். 'முதல் பதிவுக்குப் பின் செய்யப்பட்ட மாற்றங்கள்.' அதில் 'இல்லை' என்று எழுதுங்கள். மூன்றே எழுத்து. அவர் காரில் ஹாரனைத் தவிர எல்லாம் நான் கடைந்தது. 'இல்லை' என்றுதான் எழுதினார். மாலை போட்டு நம்பர் கொடுத்தார்கள்.

நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் ரிஜிஸ்தர் தபாலில் கெஞ்சுகிறேன். நம்முடைய நேர்மையை ஒருநாள் வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போனால் அது எங்கும் ஓடிவிடாது. கார் அக்காவுக்காக, கமிட்டிக்காக இல்லை.

புஷ் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று கையிருப்புக்கு.

வாசு


கட்கி, புனே
9-2-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இருவரும் சௌக்கியம். 131 நிபந்தனையோடு ஏற்கப்படுகிறது.

உன் கெஞ்சல் கிடைத்தது. தொழிற்சாலையில், குறையுள்ள பாகத்துக்குக் குறை 'இல்லை' என்று எழுதிய இருவரை நான் வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் என் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டவர். அவர் இன்னும் கோர்படியில்தான் இருக்கிறார். வழியில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். இப்போது நான் 'இல்லை' என்று எழுதினால் முதலில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து எழுத வேண்டும்.

ஆகவே பதினான்காம் கட்டத்தில் 'இணைப்பைப் பார்க்க' என்று எழுதி, ஒன்பது பக்கம் இணைத்திருக்கிறேன். 1987-ல் இந்தக் காரை வாங்கியது முதல் ஒன்றுவிடாமல் மொத்தம் நூற்று நாற்பத்தொரு உருப்படி. சில மாதிரிகள்:

உருப்படி 1: மின்விசிறிப் பட்டை, 14-11-1987. உருப்படி 38: இடது கிங்பின், செய்தவர் வாசுதேவன், கணபதி, கோவை. உருப்படி 77: பிஸ்டன்கள் நான்கு, வேறொரு வாகனத்துடையவை, தலையில் இரண்டு மில்லிமீட்டர் கடைந்து பொருத்தப்பட்டன. உருப்படி 112: கதவுத் தடுப்பு ரப்பர், மூலப்பொருள் ரமாவின் செருப்பு. உருப்படி 139: வைப்பர்கள் இடம் மாறியது. உருப்படி 140: முன் வலது பிரேக் சிலிண்டர், செய்தவர் மேற்படி வாசுதேவன்.

உன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள். கேட்டதே இதுதான் என்றேன். "உங்ககிட்டக் கேக்கற அளவுக்கு அவங்களுக்கு என்ன கேடு?" என்றாள்.

இன்னொரு விதியும் உண்டு. பழங்கார் என்று பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், அணிவகுப்பில் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். எங்கேயும் போகாத கார் பெட்ரோல் போட மட்டும் எதற்குப் போகும் என்று விதியில் விளக்கம் இல்லை. 'பயன்பாடு' என்ற கட்டத்தில் நான் எழுதியது: சனிதோறும் கட்கி முதல் லோஹேகாவ் வரை, மனைவியைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் வருதல். ஓடுகிற காரைத்தான் நான் முப்பத்தேழு வருடமாகப் பராமரித்திருக்கிறேன். நிறுத்தி வைப்பதற்கு யாரும் தேவையில்லை, துரு ஒன்றே போதும்.

மார்ச் 2-ஆம் தேதி கமிட்டி வருகிறது.

ஹரிபிரசாத்


கட்கி, புனே
12-3-2025

வாசுதேவனுக்கு,

அங்கே எல்லோரும் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. வழக்கம் கருதிக் கேட்கிறேன்.

இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு சங்க மைதானத்தில் இருபத்திரண்டு கார்கள் நின்றன. கமிட்டி பதினோரு மணிக்கு. அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். தலைவரின் கார் 1952-ஆம் வருடத்து இங்கிலாந்துக் கார், கப்பல் மாதிரி. மராத்திப் பேப்பரை விரித்து அதன் அடியில் படுத்தேன். மேலே 1952. உள்ளே போன வருடம் கடைக்கு வந்த இன்ஜின். அந்தப் புது இன்ஜினைப் பழைய சேசிஸோடு பிணைத்திருந்த நான்கு பிராக்கெட்டுகளையும் துடைத்துப் பார்த்தேன். நான்கிலும் மூன்று புள்ளி இருந்தது.

படுத்தபடியே மறுபடி துடைத்து எண்ணினேன். வெளியிலிருந்து ஒருவர் குனிந்து, "காகா, பரே ஆஹாத் நா?" என்று நலம் கேட்டார். நலமாகத்தான் இருந்தேன்.

எழுந்து வந்து குறிப்பு எழுதித் தலைவரிடம் கொடுத்தேன்: 'இன்ஜின் அசல் அல்ல.' அவர் படித்தார், நான்காக மடித்தார், "ஆப் ஜைஸே லோக் அப் கஹாங்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உங்களைப் போன்றவர்கள் இனி எங்கே என்று பொருள். குறிப்பு அவர் சட்டைப்பையில் போய்விட்டது.

அவருடைய விண்ணப்பத்தில் பதினான்காம் கட்டம்: 'இல்லை.' கமிட்டி அந்தக் காரோடு ஏழு நிமிடம் இருந்தது. ஐந்து நிமிடம் போட்டோ. நம் காரோடு ஒரு மணி பத்து நிமிடம் இருந்தார்கள். பானெட்டைத் திறக்கவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. நிழலில் நின்று ஒன்பது பக்கத்தையும் படித்தார்கள். கடைசியில் மூவரில் மூத்தவர், இவ்வளவு தெளிவான இணைப்பைத் தாம் பார்த்ததேயில்லை என்றார். நான் நன்றி சொன்னேன்.

நேற்று உத்தரவு வந்தது. உரிமையாளரே ஒப்புக்கொண்டபடி நூற்று நாற்பத்தொரு மாற்றங்கள் இருப்பதால் வண்டி அசல் நிலையில் இல்லை, பழங்கார் அல்ல. அதோடு விடவில்லை. பிரேக், ஸ்டியரிங் பாகங்கள் கம்பெனித் தயாரிப்பு அல்ல என்று உரிமையாளரே எழுதித் தந்திருப்பதால் சாதாரணப் பதிவையும் புதுப்பிக்க இயலாது. ஆதாரம் என்ற இடத்தில் என் ஒன்பது பக்கத்தைத் தைத்திருக்கிறார்கள். மார்ச் 31-க்குப் பிறகு கார் தெருவில் இறங்கக்கூடாது.

கமிட்டியை நான் புரிந்துகொள்கிறேன். தலைவரையும் புரிந்துகொள்கிறேன். அந்த நான்கு பிராக்கெட்டுகள்தான் புரியவில்லை. நீ என்னை 'இல்லை' என்று எழுதச் சொன்னபோது எத்தனை பேருடைய 'இல்லை'க்கு அடியில் உன் மூன்று புள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாயா?

இந்தப் பெட்டியில் பாகம் எதுவும் இல்லை. கடிதம் மட்டும்.

ஹரிபிரசாத்


கட்கி
14-4-2025

தம்பி வாசுவுக்கு அக்கா எழுதுவது.

இன்று சித்திரை ஒன்று. நீயும் சியாமளாவும் நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது கண்ணு. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, என் வகுப்புப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. உன் மாமா தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரருக்காகக் கேட்டில் போய் நிற்கிறார். கேட்டால் மாமரத்தைப் பார்க்கிறேன் என்கிறார். அந்த மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது.

அவர் எழுதியிருக்கமாட்டார், நான் எழுதுகிறேன். ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, வகுப்புக்கு ரிக்‌ஷாவில் கிளம்பினேன். ஏறும்போது காலை மடக்க முடியவில்லை. ரிக்‌ஷாக்காரர் கைகொடுத்தார், ஆனாலும் விழுந்துவிட்டேன். இரும்பு வைத்த பக்கம்தான். எலும்பில் கீறல் என்கிறார்கள். ஒன்றரை மாதம் படுக்கை. ஒரு வாரமாக உன் மாமாதான் சமைக்கிறார். உப்பை அளந்து போடுகிறார், அதனால்தான் வாயில் வைக்க முடியவில்லை.

அன்றைக்கு முந்தின நாள் ராப்பகலாகச் சொன்னேன். "பன்னெண்டு கிலோமீட்டருங்க. ஒரே ஒரு நாளைக்கு நம்ம காரை எடுங்க, யாரு புடிக்கப் போறா?" என்றேன். "தேதி முடிஞ்சுபோச்சு ரமா" என்றார். பிடித்தாலும் பரவாயில்லை, அபராதம் கட்டலாம் என்றேன். அதற்கும் "தேதி முடிஞ்சுபோச்சு" என்றார். பிரேக் போடாமலே நிற்கிற மனுசன்.

நான் விழுந்த பிறகு அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காரையும் போய்ப் பார்க்கவில்லை. நீ பிராக்கெட் செய்தாய், அவர் பட்டியல் செய்தார், இரண்டு பேருக்கும் ரோசம். நடுவில் விழுந்தது நான். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது. உன் மேல் கொஞ்சம் குறைவு, தூரத்தில் இருப்பதால்.

அவருக்கு எழுது.

அக்கா ரமா


கணபதி, கோயம்புத்தூர்
26-4-2025

மாமாவுக்கு வணக்கம்.

அக்கா எப்படி இருக்கிறாள்? இந்தமுறை ஒரு வார்த்தையில் எழுதாதீர்கள்.

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம், எழுதியதையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தேன். பிராக்கெட் எந்தக் காருக்கு என்று சத்தியமாகத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காததற்குக் காரணம், பட்டறையில் பாதி வேலை அந்த ஏஜெண்டுடையது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

இத்துடன் மூன்று வருட டெலிவரிச் சீட்டுகளின் நகல் வைத்திருக்கிறேன், தமீம் அன்சாரி கட்டிவைத்திருந்ததை நான் இப்போதுதான் பிரித்துப் படித்தேன். எந்த இன்ஜினுக்குத் துளை போட்டது, எந்த சேசிஸுக்கு வளைத்தது, எல்லாம் வரைபடத்தோடு இருக்கிறது. புனேயில் யாருக்கு டெலிவரி என்று கடைசிச் சீட்டில் தலைவர் பெயரே இருக்கிறது. எடுத்துப்போய்க் கமிட்டியில் கொடுங்கள். என் பெயர் அடிபடும். அடிபடட்டும். 'இல்லை' என்று எழுதினவன் காருக்கு நம்பர், ஒப்புக்கொண்டவன் காருக்குப் பூட்டு என்று எழுத்தில் நிரூபணமானால் உங்கள் காரைத் திரும்பப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். வைப்பர் இடம் மாறியதைக்கூட எழுதினவர் நீங்கள். அக்கா விழுந்ததை நீங்கள் எனக்கு எழுதவில்லை. நூற்று நாற்பத்தொன்று எழுதினவர் நூற்று நாற்பத்திரண்டை ஏன் விட்டீர்கள் மாமா?

வாசு


கட்கி, புனே
13-5-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரமா சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். நேற்று ஐந்து தப்படி நடந்தாள், இன்று எட்டு. வலி இடதுபக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரை. பாதி ராத்திரியில் முனகுகிறாள், கேட்டால் இல்லை என்கிறாள். நீ கேட்டபடி ஒரு வார்த்தைக்கு மேல் எழுதிவிட்டேன்.

நூற்று நாற்பத்திரண்டாவது விடுபட்டது என் பிழை. காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது.

உன் சீட்டுகளை இணைத்து ஐந்தாம் தேதி கமிட்டியில் புகார் கொடுத்து, முத்திரை குத்திய ரசீது வாங்கிவிட்டேன். உன் பெயரை மறைக்கலாமா என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய் என்பதால் மறைக்கவில்லை.

ஸ்ரீரஞ்சனி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவளுடைய காரிலேயே அழைத்துப் போவதாகச் சொல்லி வாசலில் ஏற்றிப் பார்த்தோம். கதவு காலில் இடிக்கிறது. தாழ்வான இருக்கை. இரண்டு முறை முயன்றோம். மூன்றாவது முறை ரமா வேண்டாம் என்றாள். நம் கார் மறுபடி தெருவில் இறங்கும்வரை போனில் பாடம் நடத்தலாம் என்று முடிவாகியிருக்கிறது.

உன் சர்க்கரை?

ஹரிபிரசாத்


கணபதி, கோயம்புத்தூர்
15-6-2025

மாமாவுக்கு வணக்கம். அக்காவுக்கு அன்பு.

சர்க்கரை 160. காரணம் சொல்கிறேன். உங்கள் புகாரின் நகல் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஏஜெண்டுக்குப் போய், அவன் எனக்குப் போன் பண்ணினான். "ஏனுங்க, சோறு போட்ட கையவே கடிச்சுப்போட்டீங்களே" என்றான். "கை கழுவாமப் போட்டீங்க" என்றேன். அதோடு ஆர்டர் நின்றது. ஒரு லேத்தை விற்றாயிற்று. தமீம் அன்சாரி தனியாகப் போகவில்லை, இருக்கிற ஒரு லேத்தில் காலை நான், மாலை அவர்.

சியாமளா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கார் நம்பர் வந்துருச்சாமா?" என்று கேட்டாள். அதையே நானும் கேட்கிறேன்.

வாசு


கட்கி, புனே
13-7-2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயும் சியாமளாவும் தமீம் அன்சாரியும் நலமென நம்புகிறேன். 160-ஐக் குறைக்க வேண்டும். இங்கே மழை.

கமிட்டியின் பதில் இம்மாதம் இரண்டாம் தேதி வந்தது. பழங்கார் ஒன்றைப் பற்றிப் புகார் கொடுக்க, புகார் கொடுப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பழங்கார் உரிமையாளராக இருக்க வேண்டுமாம். நான் அப்படி இல்லை என்பதற்கு மார்ச் மாத உத்தரவைச் சுட்டியிருக்கிறார்கள். நீ அனுப்பிய சீட்டுகள், அங்கீகாரமில்லாத பாகத் தயாரிப்பு புழக்கத்தில் இருப்பதற்குச் சான்றாகக் கோப்பில் சேர்க்கப்பட்டன. எழுத்தில் பிழை இல்லை. கீழே கையெழுத்து இல்லை, கணினி தயாரித்தது, கையொப்பம் தேவையில்லை என்று போட்டிருக்கிறது.

சங்கம் சால்வையைத் திரும்பக் கேட்கவில்லை. ஜூன் மாத அணிவகுப்பில் அசல் தன்மைக்கான கோப்பை தலைவரின் காருக்குக் கிடைத்தது. பேப்பரில் படம் வந்திருந்தது.

சோதனை மையத்தின் பட்டியலில் ஃபியட் இன்னும் சேரவில்லை. அந்தப் பெண் இரண்டு முறை மேலே எழுதிப் போட்டதாகச் சொன்னாள். அவளை நம்புகிறேன். காரின் பதிவு ரத்தாகி, நம்பர் தகட்டை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

ரமா கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாள். கேட் வரை போகிறாள். போனில் வகுப்பு நாலு வாரம் நடந்தது. முதல் வாரம் பதினோரு பேர், இரண்டாம் வாரம் ஏழு, மூன்றாம் வாரம் நாலு, அந்த நாலு பேரும் படத்தை அணைத்துவிட்டுப் பெயரை மட்டும் காட்டினார்கள். நாலாம் வாரம் ஹர்ஷா மட்டும் வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு இம்மாதம் மாற்றல்.

ஸ்ரீரஞ்சனியின் ஹாலில் இப்போது அபாகஸ் வகுப்பு நடக்கிறது. உன் அக்கா சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறாள்.

ஹரிபிரசாத்